தீவுச் செடிக்கு விதை ஏன் அவ்ளோ பெருசு? வேலூர்ல இருந்துகினே சோதிச்சுப் பாக்குறது எப்படி

ஆவணி, புரட்டாசில பனம்பழம் விழ ஆரம்பிச்சதும் லத்தேரி, கே.வி.குப்பம் பக்கம் ஏதாவது ஒரு ஏரிக்கரை மேல நடந்தீங்கன்னா காலுக்கு கீழ பனங்கொட்டை கெடக்கும், அதுல நல்லதா நாலஞ்சு பொறுக்கி வெச்சுக்கோங்க, இந்த வேலை முழுக்க அதுதான் நமக்கு அளவுகோல். உலகத்துலயே பெரிய விதை எதுன்னு தேடிகினு போனா கடைசில போய் நிக்குறது நம்ம பனையோட சொந்தக்கார மரத்துகிட்டதான். இந்தியப் பெருங்கடல்ல சீஷெல்ஸ்னு ஒரு நாடு, அதுல ப்ராலின், க்யூரியஸ்னு ரெண்டு சின்ன தீவு, அந்த ரெண்டுல மட்டும்தான் கடல்தேங்காய் மரம் தானா வளருது. ஒரு கொட்டை 15, 20 கிலோ கூட வரும். பனைக்கும் அதுக்கும் தாவரவியல்படி ரொம்ப கிட்டத்து உறவு, பனைல மாதிரியே அதுலயும் ஆண் மரம் வேற, பெண் மரம் வேற, எலையும் அதே விசிறி எலைதான். ஒருத்தன் ஏரிக்கரைல கைக்கு அடங்குற கொட்டையோட நின்னுட்டான், இன்னொருத்தன் தீவுல போய் ரெண்டு கையால கூட தூக்க முடியாத கொட்டை போடுறான். ஏன்?

இது ஒரு மரத்தோட விசித்திரம் மட்டும்னு நெனச்சுடாதீங்க. 2014-ல கவனாவும் பர்ன்ஸும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, நியூசிலாந்த சுத்தி இருக்குற நாலு தீவுக் கூட்டத்துல இருந்து 40 ஜோடி எடுத்தாங்க, ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு தீவுச் செடி, இன்னொண்ணு அதோட பெரிய நிலத்து சொந்தக்காரன். செடி மரமா புதரான்றது, விதை எப்படி பரவுதுன்றது, எந்த வம்சம்ன்றது எல்லாத்தையும் கணக்குல எடுத்துகினு பாத்தப்புறமும் தீவுல விதை பெருசாதான் வந்துச்சு. காரணம் இன்னும் முழுசா முடிவாகலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச விஷயம், முடிவாகாத ஒரு கேள்வி, அதோட ஒவ்வொரு துண்டையும் நாம வீட்டு மாடியிலயே தொட்டுப் பாக்கலாம். கடல் வேணாம், கப்பல் வேணாம். பள்ளிக்கூட புராஜெக்ட்டுக்கும் ஆகும், சும்மா தெரிஞ்சுக்கணும்னாலும் ஆகும்.

ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல உக்காரணும். விதை பெருசுன்னு சொல்லும்போது நாம ரெண்டு மூணு வேற வேற விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்குறோம். உள்ள இருக்குற பருப்பு பெருசா, இல்ல பறக்குறதுக்கு இருக்குற பஞ்சு, றெக்க சின்னதாயிடுச்சா, இல்ல மிதக்குற மேல்தோல் போயிடுச்சா? இதெல்லாம் தனித்தனி. தனித்தனியா அளந்தா மட்டும்தான் காரணம் பிடிபடும். கீழ சொல்ற எல்லாமே இத பிரிச்சுப் பாக்குற வழிதான்.

தேவையான சாமான்

0.01 கிராம் வரைக்கும் காட்டுற பாக்கெட் தராசு ஒண்ணு, ஆன்லைன்ல சின்ன விலைக்கே கெடைக்குது. மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல், முடிஞ்சா வெர்னியர். டேபிள் ஃபேன். ஸ்லோமோஷன் வீடியோ எடுக்குற போன். கல்லுப்பு, ரெண்டு மூணு பழைய பக்கெட். பச்சை ஷேட் நெட் ஒரு துண்டு. நர்சரி கவர். கோடு போட்ட நோட்டு. அவ்ளோதான்.

விதைங்க: பனங்கொட்டை, முருங்கை விதை, எருக்கங்காய், வெட்டுக்காயப் பூண்டோட விதை (நடுவுல மஞ்சளும் ஓரத்துல வெளுப்புமா சின்னதா பூக்குமே, காயம் பட்டா எலைய கசக்கி வைப்போமே அது), புங்கங்காய், மட்டையோட ஒரு தேங்காய், மல்லாட்டை (வேர்க்கடலை), கேவுரு (கேழ்வரகு). எல்லாமே தெருவுல, கொல்லையில, மளிகைக் கடையில கெடைக்குறதுதான். அமிர்தி காட்டுக்குள்ளயோ ஜவ்வாது மலைலயோ போய் பறிச்சுகினு வராதீங்க, காப்புக்காட்டுல இருந்து எத எடுக்கணும்னாலும் வனத்துறை அனுமதி வேணும், நமக்கு அது தேவையும் இல்ல.

மொதல்ல ஜோடி சேர்க்கணும்

கேவுரையும் பனங்கொட்டையையும் பக்கத்துல வெச்சு இது பெருசு அது சிறுசுன்னு சொன்னா அதுல இருந்து ஒண்ணும் தெரியாது. புல்லுக்கும் மரத்துக்கும் பொதுவாவே விதை அளவு வேற, பெரிய செடிக்கு சராசரியா பெரிய விதைதான் இருக்கும். அதனால எப்பவுமே சொந்தக்காரங்கள மட்டும்தான் ஒப்பிடணும். பனைக்கு கடல்தேங்காய். கேவுருக்கு வேற புல்லு. வெட்டுக்காயப் பூண்டுக்கு அதே சூரியகாந்திக் குடும்பத்து வேற பூண்டு. இன்னும் நல்லது என்னன்னா ஒரே செடி, ரெண்டு எடம், இதுக்கு கடைசில வரேன்.

ஜோடி சேர்க்கும்போதே இன்னொரு ஜாக்கிரதை. பனைக்கு தீவுல இன்னொரு உறவும் இருக்கு, லட்டானியான்னு பேரு, மொரீஷியஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ்னு மூணு தீவுலயும் ஒவ்வொரு இனம். அதோட விதை சாதாரணமா கைக்குள்ள அடங்குறதுதான், பனங்கொட்டையவிட சின்னது. அதாவது தீவுக்குப் போனா விதை பெருசாகியே தீரும்னு சட்டம் எதுவும் இல்ல, அந்தப் பக்கம் சாயுதுன்னுதான் சொல்லணும். நோட்டுல மொத பக்கத்துலயே இத எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா ரெண்டு அளவு நமக்கு சாதகமா வந்ததும் மூணாவது அளவ கண்டுக்காம விடத் தோணும்.

எடை போடுறது

சின்ன விதைய ஒண்ணொண்ணா தராசுல போட்டா ஒண்ணும் காட்டாது. 100 எண்ணி போட்டு 100-ஆல வகுங்க. கேவுரு ஒரு மணி சுமாரா 2, 3 மில்லிகிராம் வரும், மல்லாட்டைப் பருப்பு ஒண்ணு அரை கிராம் பக்கத்துல நிக்கும், பனங்கொட்டைக்கு சமையல்கட்டு தராசே போதும். எண்ணிக்கையையும் பக்கத்துலயே எழுதணும், ஒரு செடில மொத்தம் எத்தன விதைன்னு, ஏன்னா செடிகிட்ட இருக்குற சரக்கு ஒரு அளவுதான், அத நூறா பிரிச்சா நூறும் சின்னதா இருக்கும், பத்தா பிரிச்சா பத்தும் பெருசா இருக்கும், ரெண்டையும் சேத்து பண்ண முடியாது. கடல்தேங்காய் மரம் இந்தக் கணக்கோட கடைசி எல்லைக்குப் போயிடுச்சு, ஒரு காய் முத்துறதுக்கே 6, 7 வருஷம் ஆகுது. நம்ம பனை அந்த 6, 7 வருஷத்துல எத்தன குலை தள்ளியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஆக பெரிய விதைன்றது செலவு. இவ்ளோ செலவு பண்றதுக்கு பதிலுக்கு ஒரு லாபம் இருந்தாகணும், அந்த லாபம் என்னன்னுதான் அடுத்த மூணு சோதனையும்.

காத்து சோதனை

எருக்கங்காய் முத்தி வெடிக்குற நேரத்துல எடுங்க, பச்சைக் காய பறிச்சா பால் ஒழுகும், எருக்கம்பால் கண்ணுல பட்டா பெரிய ஆபத்து, பசங்கள வெச்சு பண்றீங்கன்னா இந்த வேலைய நீங்களே பண்ணுங்க. ரூம்ல சீலிங் ஃபேன நிறுத்தி ஜன்னல சாத்திட்டு, செவுத்துல ரெண்டு மீட்டர் உயரத்துல ஒரு கோடு போட்டு, அங்க இருந்து விதைய பஞ்சோட விடுங்க, போன்ல ஸ்லோமோஷன்ல எடுத்தா எத்தன செகண்ட்ல தரைக்கு வருதுன்னு சரியா தெரியும். அப்புறம் அதே விதைல பஞ்ச பிச்சுட்டு விடுங்க. அடுத்து பாதிப் பஞ்சு. விதை மாறல, எடை கிட்டத்தட்ட மாறல, பஞ்சு மட்டும் மாறுது, நேரம் எப்படி மாறுதுன்னு பாருங்க.

முருங்கை விதைலயும் இதே மாதிரி, அதுக்கு காகிதம் மாதிரி மூணு றெக்க இருக்கும், முழுசா விட்டா சுத்திகினு எறங்கும், றெக்கைய கத்தரிச்சுட்டு விட்டா கல்லு மாதிரி டொப்புன்னு விழும். அடுத்து டேபிள் ஃபேன ஒரே ஸ்பீடுல வெச்சு, அதுக்கு முன்னாடி ஒரே எடத்துல இருந்து விட்டு, தரைல எவ்ளோ தூரம் போகுதுன்னு டேப் வெச்சு அளங்க. ஒவ்வொரு வகைக்கும் 30 விதையாவது விடணும், அஞ்சாறு விட்டுட்டு சராசரி எடுத்தா நம்ப முடியாது.

இப்ப இதுக்கு நேர் எதிர் பக்கத்தையும் பண்ணணும், நெறைய பேர் இத விட்டுடுறாங்க. பஞ்ச அப்படியே வெச்சுட்டு விதைல ஒரு துளி மாவுப் பசை ஒட்டி கனத்த மட்டும் கூட்டுங்க. அதுவும் வேகமா விழும். அதாவது பறக்குற சக்தி ரெண்டு வழில கொறையலாம், றெக்க சின்னதாகி, இல்ல உடம்பு கனமாகி. தீவுல நடக்குறது எது? இங்கதான் கனடாவோட மேக்குக் கரையில பண்ண வேலை உதவுது. அங்க வான்கூவர் தீவுக்குப் பக்கத்துல பார்க்லி சவுண்ட்னு ஒரு கடல் பகுதி, சின்னச் சின்ன தீவா நெறைய இருக்கு, சூரியகாந்திக் குடும்பத்துப் பூண்டுங்க காத்துல வந்து குடியேறுது, சில வருஷத்துல அழிஞ்சும் போகுது, திரும்ப வருது. கோடியும் ஓவர்ட்டனும் விதையையும் பஞ்சையும் தனித்தனியா அளந்து 1996-ல வெளியிட்டாங்க. புதுசா குடியேறின கூட்டத்த, அங்கயே பல தலைமுறை இருந்த கூட்டத்தோட வெச்சுப் பாத்தா, விதைக்கு ஏத்த பஞ்சு கொறஞ்சுகினே வந்திருக்கு. ஏன்னு ஃபேன் முன்னாடி நின்னா தெரிஞ்சுடும், நல்லா பறக்குற விதை தீவ தாண்டி கடல்ல விழுந்து செத்துடுது, சுமாரா பறக்குறது தீவுக்குள்ளயே விழுந்து மொளைக்குது, அடுத்த தலைமுறைக்கு அதோட குணம்தான் போகும். தரைல ஒரு சாக்பீஸ் வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள விழுந்தது மட்டும்தான் பொழைச்சதுன்னு வெச்சு எண்ணுங்க, முழுப் பஞ்சு, பாதிப் பஞ்சு, பஞ்சே இல்லாததுன்னு மூணையும். பசங்களுக்கு இயற்கைத் தேர்வ இதவிட சுலபமா புரிய வைக்க எனக்கு வேற வழி தெரியல.

தீவுச் செடிங்க பரவுற சக்திய இழக்குதுன்றத 1960-கள்லயே ஷெர்வின் கார்ல்க்விஸ்ட் விரிவா எழுதினாரு, ஹவாயில பைடென்ஸ்னு ஒரு பூண்டு, பெரிய நிலத்துல அதோட விதைல முள்ளு மாதிரி கொக்கி இருந்து நாயுருவி கணக்கா துணியிலயும் பறவை றெக்கையிலயும் ஒட்டிக்கும், ஹவாய் காட்டுக்குள்ள இருக்குற சில இனங்கள்ல அந்தக் கொக்கியே தேஞ்சு போச்சு. வந்து சேர்றதுக்கு ஒட்டிக்குற கொக்கி வேணும், வந்து சேந்தப்புறம் அது தேவையில்ல.

உப்புத் தண்ணி சோதனை

ஒரு லிட்டர் தண்ணிக்கு 35 கிராம் கல்லுப்பு, கடல் தண்ணியோட உப்பு சுமாரா இதான். பக்கெட்ல போட்டு புங்கங்காய், பனங்கொட்டை, முருங்கை, மல்லாட்டை எல்லாத்தையும் தனித்தனியா போடுங்க. மட்டையோட தேங்காய் மிதக்கும், அது எல்லாருக்கும் தெரியும், உரிச்சதையும் ஒண்ணு போட்டுப் பாருங்க. தினமும் எது மிதக்குது எது முழுகிச்சுன்னு நோட்டுல எழுதுங்க. 28 நாள் கழிச்சு எடுத்து நல்ல தண்ணில கழுவி மண்ணுல போட்டு எத்தன மொளைக்குதுன்னு எண்ணுங்க. 28 நாள் எதுக்குன்னா, டார்வின் இத பண்ணிருக்காரு, 87 வகை விதைய உப்புத் தண்ணில போட்டாரு, 28 நாளைக்கு அப்புறம் 64 வகை மொளைச்சுச்சு, சிலது 137 நாள் ஊறியும் உயிரோட இருந்துச்சு, 1859-ல வந்த புஸ்தகத்துல எழுதியிருக்காரு. அவரு கவனிச்ச இன்னொண்ணு, பச்சையா போட்டா முழுகுற பல விதை காய வெச்சுட்டு போட்டா பல நாள் மிதக்குது. அதனால நீங்களும் ஒவ்வொண்ணுலயும் பச்சை பாதி, காஞ்சது பாதின்னு ரெண்டு பக்கெட் வைங்க. நம்ம வேலூர் வெயில்ல காய வைக்குறதுக்கு கஷ்டப்பட வேணாம், ஆனா மதிய வெயில்ல சிமெண்ட் மாடில நேரா போட்டா விதை வெந்து செத்துடும், நெழல்ல காய வைங்க.

மிதக்குறது வேற, உயிரோட இருக்குறது வேற, ரெண்டும் சேந்து இருந்தாதான் கடல் தாண்ட முடியும். தேங்காய்க்கு ரெண்டும் இருக்கு, அதனாலதான் அது பெரிய விதையா இருந்தும் உலகம் பூரா கடற்கரைல நிக்குது. பெரிய விதைன்னாலே நகராதுன்னு முடிவு கட்டிடக் கூடாதுன்றதுக்கு தேங்காயே சாட்சி. கடல்தேங்காய் அப்படி இல்ல, புதுசா விழுந்தது முழுகிடும். உள்ள அழுகி காலியானதுக்கு அப்புறம்தான் மேல வந்து மிதக்கும், அது செத்த கொட்டை. அந்த செத்த கொட்டைங்கதான் மாலத்தீவுக் கரையிலயும் மத்த எடத்துலயும் ஒதுங்குச்சு, மரத்த யாரும் பாக்காததால கடலுக்கு அடிலதான் மரம் இருக்குன்னு பல நூறு வருஷம் நம்பினாங்க, 1768-ல பிரெஞ்சுக்காரங்க ப்ராலின்ல நேர்ல பாத்தப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. அதோட ஓட்ட பாதியா பொளந்து பக்கிரிங்களும் சாமியாருங்களும் பாத்திரமா வெச்சிருந்திருக்காங்க.

நெழல் சோதனை

எனக்குத் தெரிஞ்சு மூணுல இதுதான் முக்கியம், இதுக்கு அதிக நேரம் ஒதுக்குங்க.

விதைக்குள்ள இருக்குற பருப்புன்றது தாய் கட்டிக் குடுத்த கட்டுச்சோறு. வேர் மண்ணுல பிடிச்சு, எலை வெயில் வாங்கி தானா சம்பாதிக்குற வரைக்கும் அத தின்னுகினுதான் குட்டிச் செடி உயிரோட இருக்கும். வெயிலும் எடமும் தாராளமா இருந்தா கொஞ்சமா குடுத்தனுப்பினாலும் பொழைச்சுக்கும். மேல பெரிய மரம் மூடிகினு, பக்கத்துல ஒரே தாயோட புள்ளைங்க பத்து நின்னுகினு, மண்ணும் சத்தில்லாம இருந்தா, அதிகமா வெச்சிருக்குறவன்தான் ஜெயிப்பான்.

இத சோதிக்க மல்லாட்டைதான் நமக்கு சரி. ஒரே ரகத்துல, ஒரே மூட்டைல இருந்து வறுக்காத பருப்பா எடுத்து, பெருசு ஒரு குவியல் சிறுசு ஒரு குவியல்னு பிரிச்சு எடை போடுங்க. நர்சரி கவர்ல ஆத்து மணல நல்லா கழுவி நெரப்புங்க, எரு போட்டுடாதீங்க, சத்து இல்லாத மண்ணுதான் வேணும். ஒவ்வொரு குவியல்லயும் பாதி கவர வெயில்ல வைங்க, பாதிய ரெண்டு மூணு மடிப்பு ஷேட் நெட்டுக்கு அடில வைங்க. மொளைச்ச உடனே உயரம், ரெண்டு வாரம் கழிச்சு உயரம், எலை எத்தன, எது மொதல்ல மஞ்சளாகுதுன்னு எழுதுங்க. அதோட இன்னொரு செட்டும் வைங்க, பெரிய பருப்பா மொளைக்க விட்டு, மொளைச்சதும் ரெண்டு பருப்பிதழ்ல ஒண்ண பிளேடால அறுத்துடுங்க. பரம்பரையும் ரகமும் அதேதான், சாப்பாடு மட்டும் பாதி. வெயில்ல இருக்குறதுக்கும் நெழல்ல இருக்குறதுக்கும் இந்த வெட்டு எப்படி வேற மாதிரி வேலை செய்யுதுன்னு ஒப்பிடுங்க.

ஆழத்தையும் சேத்துக்கலாம். கேவுரையும் மல்லாட்டையையும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துல ஒரு தடவை, அஞ்சு சென்டிமீட்டர்ல ஒரு தடவை போடுங்க. கேவுரு விதைக்கும்போது ஏன் மேலாப்புல தூவுறோம், மல்லாட்டைய ஏன் ஏர் சால்ல போடுறோம்னு நம்ம பெரியவங்களுக்கு தெரியும், அத கேட்டு அவங்க சொல்றதையும் அப்படியே எழுதி வைங்க, அதுவும் தகவல்தான்.

இப்ப பனங்கொட்டைக்கு வாங்க. கொட்டைங்கள பொலபொலன்னு மண்ணு மேடு கட்டின பாத்தில நெருக்கமா அடுக்கி மேல கொஞ்சம் மண்ணு போட்டு தண்ணி தெளிச்சு விடுங்க, பொங்கலுக்கு பனங்கெழங்கு எடுக்குற அதே முறைதான். ஆனா எல்லாத்தையும் பொங்கல் வரைக்கும் விடாம சில வாரத்துக்கு ஒருக்கா ஒண்ண தோண்டிப் பாருங்க. கொட்டைல இருந்து ஒரு குழாய் மாதிரி தண்டு கெளம்பி நேரா கீழ எறங்கும், குட்டிச் செடி கொட்டைகிட்ட இல்ல, அந்தத் தண்டோட நுனில, மண்ணுக்குள்ள இருக்கும். ஒரு கொட்டைய குறுக்கால வெட்டினா உள்ள பஞ்சு மாதிரி இனிப்பா ஒண்ணு இருக்கும்ல, சில ஊர்ல தவுன்னு சொல்வாங்க, சின்ன வயசுல சண்ட போட்டு தின்னிருப்போம், அதுதான் கெட்டியான பருப்ப கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு உறிஞ்சு தண்டு வழியா கீழ அனுப்புற உறுப்பு. வெட்டின கொட்டைல பருப்பு எவ்ளோ மிச்சம், தவுன் எவ்ளோ வளந்திருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்து, தேதி போட்டு படம் வரைஞ்சு வைங்க.

கடல்தேங்காய்லயும் அச்சு அசலா இதே ஏற்பாடுதான், அளவு மட்டும் வேற. அதோட தண்டு மண்ணுக்குள்ள பல மீட்டர் தூரம் போய் அங்கதான் குட்டிய வைக்குது, கொட்டை வருஷக்கணக்குல சாப்பாடு அனுப்பிகினே இருக்கும். கொட்டை உருண்டு ஓட முடியாது, மிதக்க முடியாது, தூக்கிகினு போக மிருகமும் இல்ல, தாய் மரத்துக்கு அடிலதான் விழும். அந்தக் காட்டுல மேல மூடியிருக்குறதும் கடல்தேங்காய் எலைதான், பக்கத்துல போட்டி போடுறதும் கடல்தேங்காய்க் குட்டிதான். அந்த நெழல்ல யார்கிட்ட கையிருப்பு அதிகமோ அவன்தான் மேல வருவான், அவன் போடுற கொட்டையும் பெருசாதான் இருக்கும், இப்படியே ஒருத்தன ஒருத்தன் மிஞ்சி மிஞ்சி 20 கிலோ வரைக்கும் போயிருக்குன்றது ஒரு விளக்கம். அங்க மண்ணுல சத்து கம்மி. ஆனா அந்த பிரம்மாண்ட விசிறி எலை கால்வாய் மாதிரி வேலை செஞ்சு மழைத்தண்ணியோட மகரந்தம், பறவை எச்சம், குப்பை எல்லாத்தையும் அடிமரத்துக்கு கொண்டாந்து சேக்குதுன்னு 2015-ல வந்த ஆய்வு சொல்லுது, தூருகிட்ட இருக்குற மண்ணுல நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம் தள்ளி இருக்குற மண்ணவிட அதிகமா இருந்துச்சாம். தாய்க்கு அடில நிக்குறது அங்க நஷ்டமே இல்லன்னு ஆயிடுது.

இதுக்கு முன்கதை ஒண்ணும் இருக்கு. சீஷெல்ஸோட இந்தத் தீவுங்க எரிமலைல மொளைச்சது இல்ல, கிரானைட் பாறை, 6 கோடி வருஷத்துக்கும் முன்னாடி நம்ம இந்தியாகூட ஒட்டிகினு இருந்து பிரிஞ்ச துண்டு. ஆப்பிரிக்காவுல பனையோட இன்னொரு இனத்தோட பழத்த யானை முழுங்கி கொட்டைய தூரத்துல போடுது, நம்ம ஊர்லயும் மாடு பனம்பழத்த சப்பிட்டு கொட்டைய துப்பும். அதே மாதிரி கடல்தேங்காயோட மூதாதைக்கும் ஓரளவு பெரிய விதையும் தூக்கிகினு போக ஏதோ மிருகமும் இருந்திருக்கலாம், துண்டு பிரிஞ்சப்புறம் மிருகம் இல்லாம போக, அளவ கட்டுப்படுத்துறதுக்கு எதுவும் இல்லாம போச்சுன்னு ஒரு கருத்து. அப்ப இந்த மரத்த பொறுத்தவரைக்கும் பரவுற சக்தி போனது, நெழல்ல போட்டி, தூக்கிகினு போற மிருகம் இல்லாம போனதுன்னு மூணு காரணமும் ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்திருக்கு. எல்லா தீவுச் செடிக்கும் இதே கலவைன்னு சொல்ல முடியாது, ஹவாய் பைடென்ஸுக்கு முதல் காரணம் கனமா இருக்கும், வேறொண்ணுக்கு நெழல் கனமா இருக்கும். டோடோ பறவை செத்ததால மொரீஷியஸ்ல ஒரு மரமே மொளைக்காம நின்னு போச்சுன்னு ஒரு கதை 1977-ல இருந்து பாடப் புத்தகம் வரைக்கும் சுத்துது, நம்ம இலுப்பைக் குடும்பத்து மரம்தான் அது, அந்தக் கதைக்கு பின்னாடி வந்த ஆராய்ச்சியாளருங்க நல்லாவே மறுப்பு சொல்லிட்டாங்க, புராஜெக்ட்ல அத எழுதாதீங்க.

ரோட்டு தீவு

கடைசி வேலை, நம்ம ஊரையே தீவாக்குறது. பிரான்ஸ்ல மோன்பெலியே நகரத்துல நடைபாதை மரத்துக்கு அடில விடுற சின்ன சதுர மண்ணுல க்ரெபிஸ்னு ஒரு பூண்டு வளருது, அது ஒரே பூவுல ரெண்டு வகை விதை போடும், பஞ்சு வெச்சு பறக்குறது ஒண்ணு, கனமா கீழயே விழுறது ஒண்ணு. சுத்தி சிமெண்ட், பறந்தா சிமெண்ட்லதான் விழணும். ஷெப்டூவும் கூட இருந்தவங்களும் 2008-ல கண்டது, பறக்குற விதை தன்னோட சதுரத்துல விழுற வாய்ப்பு மத்ததவிட 55 சதவீதம் கம்மி, சுமாரா 5-ல இருந்து 12 தலைமுறைக்குள்ளயே நகரத்துச் செடிங்க கனமான விதை பக்கம் நகர்ந்திருக்கு. சமுத்திரம் இல்லாமலே தீவு.

நம்ம ஊர்ல ரோட்டு நடுவுல டிவைடர் மண்ணுலயும், நாலு பக்கமும் சிமெண்ட் போட்ட வளாகத்து மரக்குழியிலயும் வெட்டுக்காயப் பூண்டு இருக்கும். ஓடுற ரோட்டு டிவைடர்ல ஏறாதீங்க, வளாகத்துக்குள்ள இருக்குற குழியே போதும். அங்க இருந்து பத்து செடி, பாலாத்தங்கரை ஓரமாவோ பெரிய காலி மனைலயோ விரிஞ்சு கெடக்குற கூட்டத்துல இருந்து பத்து செடி, ஒவ்வொண்ணுலயும் முத்தின விதை பத்து. விதை நீளம், பஞ்சு நீளம் ரெண்டையும் அளந்து, பஞ்ச விதையால வகுத்து ஒரு எண்ணா எழுதுங்க.

வித்தியாசம் வந்தா உடனே பரிணாமம்னு எழுதிடக் கூடாது. குழில தண்ணி கெடைச்சதால விதை கொழுத்திருக்கலாம், அது செடியோட குணம் இல்ல, எடத்தோட குணம். இத பிரிக்க ஒரே வழி, ரெண்டு எடத்து விதையையும் ஒரே மண்ணு, ஒரே கவரு, ஒரே தண்ணி, ஒரே வெயில்னு மாடில பக்கத்துப் பக்கத்துல வளக்கணும், கவர்ல எந்த ஊருன்னு எழுதாம வெறும் நம்பர் போட்டு, அளக்குறவங்களுக்கு எது எதுன்னு தெரியாத மாதிரி வைக்கணும். அதுங்க பூத்து போடுற விதைய, அதாவது பேரப்புள்ளைங்கள, அளந்து அப்பவும் அதே பக்கம் வித்தியாசம் நின்னா அப்ப பேசலாம். நிக்கலன்னாலும் அதையும் அதே நோட்டுல தேதியோட எழுதி வைங்க, குழி எந்த வருஷம் கட்டினாங்கன்னும் விசாரிச்சு எழுதுங்க, மூணு வருஷக் குழில எதிர்பாக்க முடியாதத முப்பது வருஷக் குழில எதிர்பாக்கலாம்.

அப்புறம், இவ்ளோ படிச்சுட்டு கடல்தேங்காய் ஒண்ணு வாங்கி வெச்சுக்கணும்னு ஆசை வந்தா வேணாம். அது அழியுற ஆபத்துல இருக்குற மரம், ப்ராலின்ல அது நிக்குற வாலே த மே காட்ட 1983-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க, கொட்டை வெளிய போகணும்னா அந்த நாட்டு அனுமதி வேணும், ஆனாலும் திருட்டு நடந்துகினுதான் இருக்கு. அந்த ஆசைக்கு பனங்கொட்டை பாத்தில ரெண்ட தோண்டாம விட்டு, தண்டு முழுசா எறங்கினதும் பக்கத்து ஏரிக்கரைல ஆழமா குழி எடுத்து ஒடையாம நட்டுடுங்க, மொத ரெண்டு கோடைக்கு மட்டும் சுத்தி முள்ளு போட்டு ஆடு கடிக்காம பாத்துக்கிட்டா போதும்.